தெரியாத எண்

என் கணவர் டெஸ் வீட்டில் சாக ஆசைப்பட்டார். அதை அவர் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. "நம்ம வீட்டுத் தொட்டியில ஒரு தடவ சுடச்சுட ஊறணும் லொரெய்ன். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றார். நாற்பத்து நான்கு வருடம் லாரியில் உருளைக்கிழங்கு ஏற்றி இறக்கிய முதுகு அது. அதற்கு மருந்து வெந்நீர்தான் என்பது அவர் கட்சி.

அவர் ஆஸ்பத்திரியில் படுத்த இரண்டாவது வாரம், வீட்டு ஹீட்டர் வாயைப் பிளந்துவிட்டது. இருபத்திரண்டு வருட ஹீட்டர். அடியில் துரு தின்று, பின்கட்டெல்லாம் தண்ணீர். தாஸ்மேனியாவில் ஜூலை மாதம் நடுக்குளிர்காலம்; எங்கள் ஊர் வின்யார்டில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும்.

நர்ஸ் ஷெல்லி கறாராகச் சொல்லிவிட்டாள். "ஹீட்டர் சரியாச்சுன்னா வெள்ளிக்கிழமை அனுப்பிடறோம். வெந்நீர் இல்லாத வீட்டுக்கு அவர அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லம்மா."

நான்கு பிளம்பர்களைக் கூப்பிட்டேன். மூன்று பேர், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். டாரில் ப்ராமிச்சின் கடைக்கு அடித்தபோது அவன் மனைவி கிம் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அடுத்த பக்கம் ஏதோ குசுகுசுப்பு. "புதன்கிழமை காலையில வந்துடுவார். சாவியை மீட்டர் பெட்டியில வெச்சிடுங்க. நாய் இருந்தா கட்டிடுங்க" என்றாள்.

நாய் இருந்தது. பிஸ்கட் என்று பெயர். பெயரில் மட்டும்தான் இனிப்பு. டெஸ்ஸைத் தவிர வேறு எந்த ஆணையும் அதற்கு ஆகாது. வேலையாட்கள் வரும் நாளில் அதைப் பின்னால் கொட்டகையில் அடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை அடைப்பது டெஸ்ஸின் வேலை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். ராத்திரி டெஸ்ஸுக்கு மூச்சு முட்டியதாம். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். சாவி முந்தின நாளே மீட்டர் பெட்டியில் இருந்தது. அந்த ஒன்றை நினைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி இருக்கும் பர்னி வரை வண்டி ஓட்டினேன். பிஸ்கட் முற்றத்தில் அவிழ்ந்தபடி கிடந்தது என் புத்தியில் ஏறவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது டெஸ் தெளிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், கையில் ஆறிப்போன டீ. "செருப்பப் பாரு. ஒண்ணு நீலம், ஒண்ணு பழுப்பு. என்னை விட உனக்குத்தான் முத்திப்போச்சு" என்று சிரித்தார்.

ஒன்பது மணி வாக்கில் என் போன் அதிர்ந்தது. தெரியாத எண். எடுக்கவில்லை. பெர்த்திலிருந்து எங்கள் மகள் வாரத்துக்கு ஒருமுறை ஓதுவது அதுதான்: தெரியாத எண்ணை எடுக்காதே, எடுத்தால் பேங்கில் இருப்பதெல்லாம் போகும். அந்த மாதம் முழுக்க எவனோ சுங்கச்சாலைக் கட்டணம் பாக்கி என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தான். தாஸ்மேனியாவில் சுங்கச்சாலையே கிடையாது.

மறுபடி அதிர்ந்தது. அதே எண். மூன்றாவது தடவை டெஸ் கை நீட்டினார்.

"யாரு, நம்ம சுங்கச்சாலை நண்பனா?"

"அவனேதான். விடமாட்டேங்கிறான்."

"இங்க குடு. நான் கவனிக்கிறேன்."

மகள் கற்றுக்கொடுத்தபடி அவரே எண்ணைத் தட்டி, கீழே இழுத்து, சிவப்பு எழுத்தை அழுத்தி பிளாக் செய்தார். "முடிஞ்சுது. இனி தொல்லை இல்ல" என்று போனை என் மடியில் போட்டார். அந்த வாரத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பழைய ஹீட்டர் பழையபடியே அழுதுகொண்டிருந்தது. சாவி மீட்டர் பெட்டியில் வைத்த இடத்தில். பிஸ்கட் வாலாட்டிக்கொண்டு வந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. கடைக்கு அடித்தேன், கிம் எடுக்கவில்லை, செய்தி பதிவு செய்யும் மெஷின் எடுத்தது. மெஷினிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அதோடு நின்றேனா? ஊர் முகநூல் குழுவில் எழுதினேன். "டாரில் ப்ராமிச்சை யாரும் நம்பாதீர்கள். சாகக் கிடக்கும் மனிதனுக்கு வெந்நீர் வேண்டும் என்று கேட்டேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை." நூற்று நாற்பது பேர் கோபமுகம் போட்டார்கள். எதிர்வீட்டு ஜாய்ஸ், "எனக்கும் ஒரு தடவை குழாய் சரியாகப் போடவில்லை" என்று பதினோரு வருடத்துக்கு முந்தைய கதையை அவிழ்த்தாள். படிக்கப் படிக்க எனக்குக் கொஞ்சம் ஆறியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனித்தது.

வெள்ளிக்கிழமை டெஸ் வீட்டுக்கு வரவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள் ஷெல்லி, என் முகத்தைப் பார்க்காமல். டெஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஞாயிறு மதியம் போய்விட்டார். கடைசியாக ஷெல்லி அவர் உடம்பை ஈரத்துணியால் துடைத்தாள். நான் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பிஸ்கட் குரைத்தது. வெளியே டாரில். வாசல் வேலிக்கு அந்தப்பக்கமே நின்றான். வேனில் புது ஹீட்டர்.

"இப்ப எதுக்கு வந்தே? செத்தவனக் குளிப்பாட்டவா?" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். "நாளைக்கு சாவுக்கு வர்றவங்க உங்க வீட்லதானே தங்குவாங்க. நாயைக் கட்டறீங்களா, மாட்டிட்டுப் போயிடறேன்."

"புதன்கிழமை எங்க போனே?"

"வந்தேனே. இதே இடத்துலதான் நின்னேன்." பிஸ்கட்டைக் காட்டினான். "உள்ள விடல. உங்களுக்குப் போன் பண்ணேன்."

"யாரும் பண்ணல."

அவன் வாதாடவில்லை. "சரிம்மா" என்றான். நான் பிஸ்கட்டை இழுத்துப்போய்க் கொட்டகையில் அடைத்தேன். அரை நிமிடம்தான் ஆயிற்று.

மூன்று மணி நேரம் குனிந்து வேலை பார்த்தான். டீ வேண்டாம் என்றான். போகும்போது, "ஒரு மணி நேரத்துல சூடாயிடும்" என்றான். என்னுடைய பதிவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

அவன் போன பிறகு போனை எடுத்துத் தேடினேன். பிளாக் செய்தவர்களின் குரல் செய்திகள் ஒரு மூலையில் தனியாகக் கிடக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான்கு இருந்தன. நான்கும் அந்த எண்ணிலிருந்து.

முதல் செய்தியில் பிஸ்கட்டின் குரைப்புதான் பாதி. "லொரெய்ன், டாரில் பேசறேன், என் செல்லுல இருந்து. வாசல் கேட் பக்கத்துல நிக்கிறேன். நாய் விடமாட்டேங்குது. யாராவது வந்து புடிச்சா போதும்."

இரண்டாவது: "இன்னும் இங்கதான் இருக்கேன். ஜாய்ஸ் வீட்லயும் ஆளில்ல."

மூன்றாவது: "பன்னெண்டு ஆச்சும்மா. இன்னொரு வீட்டுல வெள்ளம், போயாகணும். கூப்பிடுங்க, உடனே திரும்பி வரேன்."

நான்காவது வியாழக்கிழமை. "நீங்க எழுதினதப் பாத்தேன். மெஷின்ல பேசினதையும் கேட்டேன். கோவம் நியாயம்தான். கிம் ஹோபார்ட்ல அவங்கம்மாவப் பாக்கப் போயிருக்கா, அதான் கடையில ஆளில்ல. ஹீட்டர் வேன்லயே இருக்கு. நாயை மட்டும் அடைச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. டெஸ் வெள்ளிக்கிழமை குளிச்சிடலாம்."

குளியலறைக்குப் போய்த் தொட்டிக் குழாயைத் திறந்தேன். முதலில் குளிர்ந்து, பிறகு வெதுவெதுத்து, பிறகு கை வைக்க முடியாத சூடு. கண்ணாடி முழுக்க ஆவி. தொட்டி நிறையும் வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டு அழுதேன். கொட்டகையில் பிஸ்கட்டும் ஊளையிட்டது.

தண்ணீர் ஆறிய பிறகு எழுந்து பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். டாரில் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தான். வாசலில் மூன்று மணி நேரம் காத்து நின்றான். நாயைக் கட்ட மறந்தது நான். அவன் கூப்பிட்டபோது எடுக்காதது நான்.

அவன் எண்ணை பிளாக் செய்தது யார் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. நான்தான் என்று எழுதினேன்.