பொட்டு வைத்த முனை

றெகுலாவின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் தில்லைநாதன் அளவுக் கம்பியை உறைக்குள் வைக்கப் போனார். அதன் முனையில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. துளிகூட உதிரவில்லை.

உதிர்ந்திருக்க வேண்டும்.

சரஸ்வதி பூசைக்கு அவருடைய மனைவி கஜலக்சுமி, அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அளவுக் கருவிகளை எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் பரப்பிப் பொட்டு வைத்திருந்தாள். கம்பியின் மெல்லிய பாதியைப் பிடித்துக்கொண்டு தடித்த பாதியின் நுனியில் வைத்தாள். துவக்குக் குழலுக்குள் இறுக்கமாகப் போகவேண்டியது அந்தத் தடித்த பாதிதான். மெல்லிய பாதி கையால் பிடிக்க.

காலையில் பட்டறையில், வாடிக்கையாளர் றெகுலாவின் வேட்டைத் துவக்குக்குப் பிரேக் பூட்டினார். குழலின் வாயில் திருகும் சின்ன உருளை அது. வெடிக்கும்போது வரும் காற்றைப் பக்கவாட்டில் தள்ளி உதைப்பைக் குறைக்கும். அதன் துளையும் குழலின் துளையும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கம்பியைச் செருகித்தான் பார்ப்பது. சாமிக்கு முன் வைத்த பொட்டை எண்ணெய் பூசிய குழலுக்குள் தள்ளக் கை கூசியிருக்க வேண்டும். யோசிக்காமலே கம்பியை மறுபக்கமாகச் செருகியிருக்கிறார். மெல்லிய பக்கம் தளர்வாகப் போய் நின்றது. கம்பி நடுவில் இருப்பதாகத்தான் தெரிந்தது. நல்லது என்று கொடுத்துவிட்டார்.

பிரேக் மயிரளவு கோணியிருந்தாலும் குண்டு உரசும். உரசினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பிரேக்கே உடைந்து பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் அடிக்கவும் கூடும். றெகுலா நேரே சுடுதிடலுக்குப் போகிறாள்.

அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. திடலுக்கு அழைத்தார். அங்கும் எடுக்கவில்லை. முதலாளி பட்டறையின் வான் வண்டியை எடுத்துக்கொண்டு பேர்ண் நகருக்குப் போயிருந்தார். தில்லைநாதனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுபவள் கஜலக்சுமி.

அவளுக்கு இது துவக்குப் பட்டறை என்று தெரியாது. முன்பு அவர் எலும்புக்குப் போடும் ஆணிகள் செய்யும் ஆலையில் இருந்தார். ஆட்குறைப்பில் வேலை போய் இங்கே சேர்ந்தபோது, அதே கடைசல் வேலைதான் என்றார். அவளுடைய தம்பியை ஊரில், வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டார்கள். துவக்கு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அழைத்தார்.

"லக்சுமி, காரை எடுத்துக்கொண்டு உடனை வா. சந்தியிலை நிக்கிறன்."

"என்ன, கையைக் கிய்யை வெட்டிப்போட்டியளோ?"

"இல்லை. வா."

"சோறு அடுப்பிலை கிடக்கு."

"நிப்பாட்டிப்போட்டு வா."

அவள் வேலைச் சட்டையோடே வந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்து வந்தால் குளித்த பிறகுதான் சட்டை மாற்றுவாள். இன்று குளிக்கவும் இல்லை.

"எங்கை?"

"மேலை, காட்டுப்பக்கம். சுடுற இடத்துக்கு."

"அங்கை உங்களுக்கென்ன வேலை?"

சொன்னார். வேகமாகச் சொன்னதால் எல்லாம் வந்துவிட்டது. அவள் கியரை மாற்றினாள். கார் சோலோதுர்ன் நகரைத் தாண்டி ஏறத் தொடங்கியது.

"எலும்பு ஆணி எண்டியள்."

"முந்தி அதுதானே செய்தனான்."

"சனத்துக்கெல்லாம் அப்பிடித்தான் சொன்னனான். எங்கடை மனுசன் முறிஞ்ச காலுகளை நடக்க வைக்குதெண்டு."

அவர் சாலையைப் பார்த்தார்.

"பொட்டும் வைச்சன்" என்றாள்.

திடலில் சூடு நடக்கிறது என்பதற்கான சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அவள் காரை நிறுத்தும்போது வெடிச்சத்தம் கேட்டது. அவளுடைய கைகள் ஸ்டியரிங்கை விட்டு எழும்பிக் காதில் ஒட்டின. தில்லைநாதன் நிறுத்து, நிறுத்து என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு ஓடினார்.

றெகுலா கூரையின் கீழ் துவக்குடன் குப்புறப் படுத்திருந்தாள். காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். முகத்தில் காயம் இல்லை.

"தில்லா, என்ன பூட்டித் தந்தாய்? இலக்கிலேயே படவில்லையே."

"இனிச் சுடாதே. வெறுமையாக்கித் தா."

அவள் குண்டுகளை எடுத்துவிட்டுத் துவக்கை மேசையில் வைத்தாள். அவர் கம்பியை எடுத்தார். பொட்டு வைத்த முனையைக் குழலுக்கு நேரே கொண்டுபோய், நிறுத்தினார்.

கஜலக்சுமி பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. கையை நீட்டிக் கம்பியை வாங்கினாள். பெருவிரலால் பொட்டை அழுத்தித் துடைத்தாள். சட்டையில் ஒருமுறை தேய்த்தாள்.

"இப்ப போடுங்கோ."

தடித்த பக்கம் இறுக்கமாக உள்ளே போனது. பிரேக்கின் துளையில் கம்பி நடுவில் இல்லை, ஒரு பக்கத்து விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த விளிம்பில் புதிய கீறல் வெள்ளியாக மின்னியது. றெகுலா குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த முதியவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் தெரியாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாதன் பிரேக்கைக் கழற்றினார்.

"இது என்னத்துக்கு?" என்று கஜலக்சுமி ஜெர்மனில் கேட்டாள், றெகுலாவிடம்.

"உதைப்பைக் குறைக்க. என் தோள் பழுது. இது இருந்தால் சுடும்போது நோகாது."

கஜலக்சுமி தலையாட்டினாள். அந்தச் சொற்களை மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு புருசனிடம் தமிழில் சொன்னாள்.

"சுடுறவைக்கு நோகாதாம்."

"என்ன சொல்கிறாள்?" என்றாள் றெகுலா.

தில்லைநாதன் பிரேக்கைத் துணியில் சுற்றினார். கஜலக்சுமி தானே அதைத் தன் சமையலறை ஜெர்மனில் சொன்னாள், மெதுவாக, பிழையில்லாமல். றெகுலா துவக்குப் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஜலக்சுமி பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தாள்.

"சோறு பாதியிலை கிடக்கு" என்றாள். "நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ."