நாற்பத்திரண்டு மட்டிகள்

பத்து மணிக்குள் வாளி நிறைந்தாக வேண்டும். நானும் ஜிஸ்லேனும் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட மட்டிச் சிப்பிகளைக் கரையோரம் உட்கார்ந்திருந்த ஹேமலதாவிடம் கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் வாளியின் அடி தெரிந்தது.

மூவரும் பதினோரு வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஜிஸ்லேன் பிரெஞ்சு, நான் அறிவியல், ஹேமலதா கணக்கு. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவள் ஹேமலதா. காற்று வாங்க வந்தவளிடம் வாளியைக் கொடுத்திருந்தோம். அன்று மதியம் ஜிஸ்லேனின் மகள் ஏலோதியைப் பெண் பார்க்க பாரீசிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. மாப்பிள்ளையின் அப்பா ஊரை விட்டுப் போய் முப்பது வருடமாக மட்டிக் குழம்பு சாப்பிடவில்லையாம். "அதுக்கென்ன முசியே, செஞ்சிட்டாப் போச்சு" என்று ஜிஸ்லேனும் அவரிடம் போனில் சொல்லிவிட்டாள். மார்க்கெட்டிலோ இரண்டு நாளாக மட்டி வரவில்லை.

இடுப்பு வலித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். ஹேமலதா வாளியிலிருந்து ஒரு மட்டியை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். பரீட்சை ஹாலில் பிட்டை ஒளிக்கும் பிள்ளைகளின் முகம் அப்படித்தான் இருக்கும். அவர்களைப் பிடிப்பதில் பேர் போனவள் இவள்.

"இன்னாடி பண்றே ஹேமா?"

"அது நாக்க நீட்டி என்னயே பாத்துது, சுலோ."

"அது நாக்கில்லடி, காலு."

"காலா? அப்ப இன்னும் பாவமில்ல?"

ஜிஸ்லேன் கரையேறி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "எத்தினி உட்டே?"

"நாப்பத்திரெண்டு."

ஜிஸ்லேன் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏலோதிக்கு வர மாசம் முப்பத்தொண்ணு ஆவுது ஹேமா" என்றாள்.

ஹேமலதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "எங்க உட்டேன்னு எனக்குத்தான தெரியும்."

முதல் மட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். "மன்னிச்சிக்கோ" என்று அதனிடம் சொல்லி வாளியில் போட்டாள். இரண்டாவதிடமும் சொன்னாள். ஐந்தாவதுக்கு மேல் மன்னிப்பு நின்றுபோனது. பதினைந்தாவதைத் தூக்கிக் காட்டி, "இது எம்மாம் பெருசு பாரு" என்றாள். எங்களுக்குக் கை வலிக்கத் துழாவினால்தான் அகப்பட்டது. அவளுக்குக் கால் கட்டைவிரலே போதுமாக இருந்தது. விட்டதை எல்லாம் மீட்ட பிறகும் நிறுத்தவில்லை. நாங்கள் பிடித்த மாதிரி இரண்டு பங்கு பிடித்தாள். வாளி வழிந்தது.

"தண்ணி ஏறுதும்மா, வந்து உக்காருங்க" என்று எங்களைக் கூட்டி வந்த படகுக்காரர் அம்மாவாசை கூப்பிட்டார். ஜிஸ்லேனும் நானும் வாளியோடு ஏறிக்கொண்டோம்.

"ஹேமா, மணி பத்தரைடி. போதும் வா."

"இரு இரு. ஒண்ணு தட்டுப்படுது."

தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் வந்திருந்தது. முந்தானை பின்னால் விரிந்து மிதக்க, மோவாய் தண்ணீரில் பட, ஒரு கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கண் எங்களைப் பார்த்த மாதிரி இருந்தாலும் பார்க்கவில்லை.