புவனேஸ்வரனின் கைகள் புஷ்பவள்ளிக்கு வந்த விதம்

புஷ்பவள்ளியின் கைகளில் புவனேஸ்வரனின் பழக்கங்கள் வந்து குடியேறிய திங்கட்கிழமை, ஆயர் ஈத்தாம் சந்தையில் கோழி கிலோ ஒன்பது வெள்ளி நாற்பது காசுக்குப் போனது. கைகள் பார்ப்பதற்கு மாறவில்லை. அதே மெலிந்த விரல்கள், அதே வளையல் தழும்பு. உள்ளே இருந்து அவற்றை ஆட்டிவைத்த பழக்கம்தான் வேறு ஆளுடையதாகிவிட்டது. முகம் கழுவி முடித்ததும் வலது கை தானாகப் போய் இல்லாத மீசையைத் துடைத்தது. அம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, ஆம்பள மாதிரி?" என்று கேட்டாள். "தெரியலம்மா, கை பண்ணுது" என்றாள் இவள். அம்மா சரியென்று கோழி நறுக்கப் போய்விட்டாள்.

இருவரும் பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை, ஆறு வருஷச் சண்டை. மவுஸைத் தொடாமல் விசைகளாலேயே நிரல் எழுத எடிட்டர் என்கிற மென்பொருள்கள் இரண்டு உண்டு. இரண்டுக்கும் பக்தர்களும் உண்டு. புஷ்பவள்ளி விம் கட்சி. அதில் ஒரு விசையைத் தட்டி அனுமதி வாங்கினால்தான் எழுத்து விழும். இல்லையென்றால் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகிவிடும். புவனேஸ்வரன் ஈமேக்ஸ் கட்சி. அதில் எப்போதும் எழுதலாம். கட்டளையிட மட்டும் இடது சுண்டுவிரலால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே இன்னொன்றைத் தட்ட வேண்டும். "உன் எடிட்டருக்குச் சுண்டுவிரல் இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும்" என்பாள் இவள். "உன்னோடதுல இருந்து வெளிய வர்றதுக்கே ஒரு வாரம் கோர்ஸ் போகணும் லா" என்பான் அவன். மத்தியானச் சாப்பாட்டு நாசி கண்டார் பொட்டலம் ஆறிப்போகும், சண்டை ஆறாது.

அந்தச் சண்டையும் ஒரு மாதத்தில் ஓய்வதாக இருந்தது. புவனேஸ்வரனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. புஷ்பவள்ளி எல்லாருக்கும் முன்பாகக் கைகொடுத்து வாழ்த்தினாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், இனி யாரோடு சண்டை போடுவது என்று யோசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். போகாதே என்று சொல்ல ஆசைதான். அவன் மனதில் ஒன்றுமில்லையென்றால் மானம் கப்பலேறிவிடுமே என்ற பயம். இதற்கிடையே மேலாளர் ஃபஸீலா, அவன் வேலைகளை இவள்தான் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவன் வேலையெல்லாம் ஈமேக்ஸோடு பின்னிக் கிடந்ததால் இவள் கட்சி மாற வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் அலுவலகமோ முழுக்க விம். அவனும் மாற வேண்டியதாயிற்று. நிரல் எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்யும் தவற்றை இருவரும் செய்தார்கள். ஒருவர் பல வருஷமாகத் தம் கைக்கேற்றபடி செதுக்கிவைத்த செட்டிங்ஸை, மற்றவர் ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே நகலெடுத்துப் போட்டுக்கொண்டார். எடிட்டரோடு கையும் சேர்ந்து வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே தொட்டிலே மாறிவிட்டது. புஷ்பவள்ளியின் கைகள் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டின, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைப் பிய்க்காமல் முழுசாகக் குழம்பில் முக்கின. புவனேஸ்வரனின் பாடு இன்னும் திண்டாட்டம். கம்பெனி பஸ்ஸில் அவன் விரல்கள் பிடரிக்குப் பின்னால் இல்லாத கூந்தலை மூன்றாகப் பிரித்து, பின்னி, இல்லாத ரப்பரையும் போட்டு முடித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபிக்ரி, பின்னல் நேர்த்தியாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

இரண்டாவது வாரம் ஒருநாள் காலை, புஷ்பவள்ளி வழக்கத்துக்கு மாறாக எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் வந்துவிட்டாள். பையை வைப்பதற்குள் கைகள் வேலையைத் தொடங்கின. மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையால், குளிர்காற்று விடும் ஏர்கோனின் தகட்டை மேலே தள்ளின. அவள் நாற்காலியில் விழ வேண்டிய காற்று கூரைக்குப் போயிற்று. பிறகு அவளுடைய கோப்பையைக் கழுவி, வெந்நீர் பிடித்து, மூடி போட்டு, அவள் மேசையின் இடது பக்கம் வைத்தன. ஒரு தடுமாற்றமும் இல்லை. இத்தனை வருஷமும் இதைச் செய்வது துப்புரவு வேலை பார்க்கும் ரொஸ்னா அக்கா என்றுதான் புஷ்பவள்ளி நினைத்திருந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் முறுக்கு கொடுத்து நன்றியும் சொல்லிவந்தாள். ரொஸ்னா அக்காவும், எதற்கென்று தெரியாமலே, சிரித்தபடி வாங்கிக்கொண்டார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? புஷ்பவள்ளி அப்படியே உட்கார்ந்து அழுதாள். கைகள் அவன் பாணியில், புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டன.

கதவைத் திறந்துகொண்டு புவனேஸ்வரன் வந்தான்.

"தினமும் ஏர்கோன திருப்புறது நீதானா?"

"உனக்குக் குளிரும்ல. நான் சீக்கிரம் வர்றவன். அவ்வளவுதான் லா."

"சிங்கப்பூர்ல யாருக்குத் திருப்புவ?"

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகம் என்றைக்குமே அடைத்த கடைதான். ஆனால் அவனுடைய கட்டைவிரல் நகம் மேசை விளிம்பைச் சுரண்டத் தொடங்கியது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்க வெட்கப்படும்போதெல்லாம் புஷ்பவள்ளி செய்கிற காரியம் அது. ஆறு வருஷம் அவன் முகத்தில் படிக்க முடியாததைத் தன் சொந்தச் சைகையில் அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாள்.

"கேக்கணும்னா கேளேன்" என்றாள்.

"போகாதன்னு நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"போகாத."

அவன் போகவில்லை. செட்டிங்ஸைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். எடிட்டர்கள் திரும்பின, கைகள் திரும்பவில்லை. கைக்குப் பழகியதே வசதி என்று இவள் ஈமேக்ஸிலும் அவன் விம்மிலும் தங்கிவிட்டார்கள். சண்டை மட்டும் அதே சூட்டோடு, கட்சி மாறி நடந்தது.

அடுத்த தை மாதம் திருமணத்தைப் பதிவு செய்யப் போனார்கள். இப்போதெல்லாம் எல்லாக் காரியமும் கைப்பேசியிலேயே முடிந்துவிடுவதால் அதுவரை இருவருக்கும் பேனா பிடிக்க நேரவில்லை. புஷ்பவள்ளி தன் பெயருக்கு நேரே கையெழுத்திடக் குனிந்தாள். விழுந்தது புவனேஸ்வரனின் கையெழுத்து. பதிவதிகாரி ஹுஸ்னா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், விவரம் கேட்டார். சொன்னார்கள். அவர் புதுப் பத்திரம் ஒன்றை அச்சிட்டு வைத்து, இருவரையும் நாற்காலி மாறி உட்காரச் சொன்னார். அவன் சம்மதத்தை அவள் எழுதினாள். அவள் சம்மதத்தை அவன் எழுதினான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்திவிட்டு, ஹுஸ்னா அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.