துண்டு போட்ட நாற்காலி

முன்னாள் ஜனாதிபதி தேர்தலில் தோற்று வீட்டுக்குக் கிளம்பும்போது நாற்காலியில் தன் ஈரிழைத் துண்டைப் போட்டுவிட்டுப் போனார். ஆகவே புதிய ஜனாதிபதி மரகதவல்லி நின்றுகொண்டே ஆட்சி செய்துவந்தார்.

பாதி நாடு அந்த மனிதரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. மீதிப் பாதி கரித்துக்கொட்டியது. துண்டு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. பஸ்ஸானாலும் பந்தியானாலும், துண்டு போட்ட இடத்தில் இன்னொருவர் உட்காருவது என்ன பழக்கம்? மரகதவல்லிக்கு ஓட்டுப் போட்டவர்களே, "ஜெயிச்சது சரிம்மா, அதுக்காக?" என்று கேட்டார்கள்.

அமைச்சர்கள் காலையில் வந்ததும் துண்டுக்கு ஒரு கும்பிடு போடுவார்கள். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் மின்விசிறியைச் சுழலவிட்டுக் காத்திருப்பார்கள். துண்டின் முனை அசைந்தால் சரி. அசையாவிட்டால் கோப்பு திரும்பிப் போகும். குறை சொல்வதற்கில்லை, வேலை மளமளவென்று நடந்தது.

மரகதவல்லிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது தம்பி சேந்தனின் விஷயம். முன்னாள் ஜனாதிபதியைக் கேலி செய்து சுவரில் படம் வரைந்ததற்காக அவன் இன்னும் சிறையில் இருந்தான். விடுதலை உத்தரவில் அக்கா எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. நின்றுகொண்டு போட்ட கையெழுத்து செல்லாது என்று சிறையிலிருந்து மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

"துண்டைக் கொஞ்சம் நகர்த்திட்டு, ஓரமா உட்கார்ந்தா என்ன?" என்று செயலாளர் மாசிலாமணியிடம் கேட்டார்.

"போட்டவங்க வந்து எடுக்கணும்மா. அதான் முறை," என்றார் அவர்.

சரி, போட்டவரையே கூப்பிடுவோம் என்று மரகதவல்லி கார் அனுப்பினார். அன்று மதியமே முன்னாள் ஜனாதிபதி வந்து சேர்ந்தார். ஆள் சற்று இளைத்திருந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடடா, யாரோ துண்டு போட்டிருக்காங்களே."

"உங்க துண்டுதாங்க."

அவர் குனிந்து பார்த்தார். "என்னுது கருநீலக் கரை. இது வெளுத்துக் கிடக்கு. அடுத்தவங்க துண்டை நான் எப்படிம்மா எடுக்கறது?"

ஜன்னல் வெயில் பட்டுப் பட்டுக் கரை வெளுத்ததை மரகதவல்லி எடுத்துச் சொன்னார். அவர் ஒப்பவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் மனிதர் ரொம்பக் கறார். மரகதவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அமைச்சர்கள் வந்தார்கள். துண்டைக் கும்பிட்டுவிட்டு, முன்னாள் ஜனாதிபதியிடம், "கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க," என்றார்கள். அவரும் தள்ளி நின்றார்.

"நீங்க எனக்கு முன்னாடியே நிக்கறீங்க. இடம் காலியானா நீங்களே உட்காருங்க," என்று மரகதவல்லியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

அப்போது வாசலில் விசில் சத்தம் கேட்டது. மாளிகை ஒரு குலுக்குக் குலுங்கிக் கிளம்பியது. எல்லோரும் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைத்தெரு போயிற்று, ஆற்றுப்பாலம் போயிற்று, பிறகு சிறைச்சாலை வந்தது. மேல்மாடி ஜன்னலில் சேந்தன் நின்றிருந்தான். அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"இங்கே நிறுத்துங்க," என்றார் மரகதவல்லி.

மாசிலாமணி மின்விசிறியைப் போட்டார். எல்லோரும் துண்டின் முனையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்த நிறுத்தத்தில் மாளிகை நிற்கவில்லை.