ஸ்டோர் ரூமில் நடமாட்டம்

இலுப்பூரின் ஓரத்தில், மனை போட்டு விற்ற புதுக் குடியிருப்பில் ஷர்லியின் வீடு இருந்தது. கணவன் ஜஸ்டின் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். வீடு கட்டி முடித்து, பால் காய்ச்சி, விடுப்பு தீர்ந்ததும் விமானம் ஏறிவிட்டான். ஷர்லி பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். காலையில் பூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அதுவரை வீட்டில் ஈ காக்கை கிடையாது.

வலப்பக்கத்து வீடு ரெங்கராஜுடையது. கடைவீதியில் உரக்கடை வைத்திருப்பவர். குடும்பம் கடைக்கு மேல் மாடியிலேயே இருந்தது. இந்த வீட்டைக் கட்டி, யாருக்கும் வாடகைக்கு விடாமல் பூட்டிப்போட்டிருந்தார். மத்தியானம் ஸ்கூட்டரில் வருவார். பூட்டைத் திறந்து உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். உர மூட்டை அடுக்கியிருப்பதாகச் சொல்வார்.

குடியிருப்பின் கடைசித் தெருவில் ஒரு வீட்டைப் பட்டப்பகலில் உடைத்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தபோது, ஷர்லியை வாசலில் நிறுத்திச் சொன்னவர் அவர்தான்.

"தனியா இருக்குற பொம்பளப்புள்ள. ஒரு அலாரம் போட்டுக்கம்மா. நம்ம வீட்டுல போட்டிருக்கேன். ஒயரு இழுக்குற வேலையே கெடையாது. ஆள் நடமாட்டம் இருந்தா நீ எங்க இருந்தாலும் போன்ல சொல்லிரும். அந்தத் தம்பிய அனுப்பி வைக்கிறேன்."

ஜஸ்டினும் போனில் சரி என்றான். மறுவாரமே நிலவழகன் என்ற அந்தத் தம்பி, தோள்பையும் ஏணியுமாக வந்து நின்றான். கூடத்துச் சுவரில் எண்கள் போட்ட வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்தினான். முன்கதவிலும் பின்கதவிலும், கதவு திறந்தால் சொல்லிவிடுகிற காந்தத் துண்டுகளை விரல் நீளத்துக்கு ஒட்டினான். கூடத்திலும் ஸ்டோர் ரூமிலும், ஆள் அசைந்தால் கண்டுகொள்கிற சென்சாரை மூலையில் உயரமாக மாட்டினான்.

"இப்ப ஒவ்வொண்ணையும் பெட்டிக்கு அறிமுகப்படுத்தணுங்கக்கா. இந்தப் பட்டன அமுக்குனா பெட்டி காத நீட்டிக்கிட்டு இருக்கும். எது மொதல்ல கூப்புடுதோ அதப் புடிச்சு வச்சுக்கும்."

ஸ்டோர் ரூமின் முறை வந்தது. பட்டனை அமுக்கிவிட்டு அவன் திரும்புவதற்குள் பெட்டி பீப் என்றது.

"நல்லா வேகமாப் புடிக்குது" என்று சிரித்தான். போனில் தமிழிலேயே பெயர் போட்டுக் கொடுத்தான். 'முன்கதவு', 'பின்கதவு', 'கூடம்', 'ஸ்டோர் ரூம்'.

முதல் நாள் வேலைக்குப் போனவள் மருந்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. 'ஸ்டோர் ரூம் – நடமாட்டம்.' அனுமதி கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடி வந்தாள். தெரு முழுக்கச் சைரன் கத்திக்கொண்டிருந்தது. அக்கம்பக்கம் எல்லாம் வாசலில் நின்றது. கதவுகள் பூட்டியபடியே இருந்தன. ஸ்டோர் ரூமில் அரிசி டிரம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஜஸ்டினின் பழைய பெட்டி. தூசிகூடக் கலையவில்லை.

ரெங்கராஜும் வந்திருந்தார்.

"எந்த ரூம்ல காட்டுதும்மா?"

"ஸ்டோர் ரூம்லண்ணே."

அவர் தன் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "பல்லி கில்லி போயிருக்கும். வெயிலுக்கும் இப்படிக் கோளாறு பண்ணும். அந்த ரூமுக்கு மட்டும் சத்தத்த அமுத்திப் போட்டுரும்மா. வீணா ஊரக் கூட்டிக்கிட்டு."

அப்படியே செய்தாள். அதற்குப் பிறகு சைரன் அடிக்கவில்லை. ஆனால் செய்தி வருவது நிற்கவில்லை.

காலையில் ஒன்றிரண்டு வரும். உச்சி வெயில் ஏறியதும் விடாமல் வரும். மாத்திரை எண்ணும்போது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அங்கிக்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கும். ஷர்லிக்கு அதில் ஒரு நடை புரிபட ஆரம்பித்தது. யாரோ ஓர் ஆள் அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகிறார், நிற்கிறார், யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப நடக்கிறார். பல்லி அப்படி நடக்குமா?

"சென்சார் கோளாறுதான். கம்பெனி மாத்தித் தருவான்" என்றான் ஜஸ்டின்.

"கோளாறுன்னா எப்பவும் வரணும்ல? ஏன் மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச மாதிரி கொஞ்ச நேரம் அடங்குது?"

"நீ தனியா இருந்து கண்டதையும் யோசிக்கிற."

ஒருநாள் வேலைக்குப் போகும்முன் ஸ்டோர் ரூம் தரையில் முகப் பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டுப் போனாள். அன்று முழுக்கச் செய்தி வந்தது. சாயங்காலம் கதவைத் திறந்து பார்த்தபோது, பவுடரில் ஓர் எறும்பு போன தடம்கூட இல்லை. அதிலிருந்து சமைக்கும்போதும் அந்த அறைக்கு முதுகு காட்டி நிற்பதை விட்டாள். அரிசி எடுக்கப் போனால், "அரிசி எடுக்க வாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவது பழக்கமாகிப் போனது. யாரிடம் சொல்கிறோம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், இதற்கொரு முடிவு கட்டுவதென்று, கூடத்தையும் கதவுகளையும் நிறுத்திவைத்து, ஸ்டோர் ரூமுக்கு மட்டும் அலாரத்தை ஓட விட்டுவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் நின்றாள். கையை ஆட்டினாள். குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மூலையில் சென்சாரின் சிவப்பு விளக்கு மினுக்கியது. போன் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து, கதவைத் திறந்தபடி வைத்து, காலி அறையைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அறைக்குள் எதுவும் அசையவில்லை. சிவப்பு விளக்கும் மினுக்கவில்லை.

கையில் போன் அதிர்ந்தது. 'ஸ்டோர் ரூம் – நடமாட்டம்.'

நிலவழகனுக்குப் போன் போட்டாள். குரலைக் கேட்டதும் அவன் மறுநாள் என்று சொல்லாமல் உடனே கிளம்பி வந்தான். ஏணி போட்டு சென்சாரைக் கழற்றினான். மூடியைத் திறந்து பேட்டரியை உருவி, இரண்டையும் சாப்பாட்டு மேசைமேல் தனித்தனியாக வைத்தான்.

"இனிமே இது செத்த பொருளுக்கா. புதுசு ஒண்ணு மாட்டித் தந்தர்றேன்."

சொல்லி வாய் மூடவில்லை. மேசைமேல் இருந்த போன் நகர்ந்தது. 'ஸ்டோர் ரூம் – நடமாட்டம்.'

நிலவழகன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சுவரிலிருந்த பெட்டியிடம் போய் எதையோ அமுக்கிப் பார்த்தான். திரும்பியபோது பயம் போய், முகத்தில் குழப்பம் இருந்தது.

"அக்கா, ஸ்டோர் ரூம்னு ஒங்க பெட்டி புடிச்சு வச்சிருக்குறது இந்த சென்சாரே இல்ல. அன்னைக்கு நான் பட்டன அமுக்குன நேரத்துல வேற ஒண்ணு கூப்புட்டிருக்கு. பக்கத்துல நான் மாட்டுனது ஒரே எடத்துலதான்."

அவன் பார்வை வலப்பக்கத்து ஜன்னலுக்குப் போனது. குறுகிய சந்து, காம்பவுண்டுச் சுவர், அதற்கப்பால் ரெங்கராஜ் வீட்டு ஜன்னல். வெளிப்பக்கமாகத் தகரம் வைத்து அடைத்திருந்தது.

"அங்க உர மூட்டைதான இருக்கு?" என்றாள் ஷர்லி.

"நான் மாட்டுறப்ப மூட்டை எதுவும் பாக்கலயே." "காலியா ஒரு ரூம். பாத்ரூம் சேர்ந்தது. உள்ள ஒரு கட்டில் மட்டும் கெடந்துச்சு. அந்த ரூம் கதவுல காந்தம், ரூமுக்குள்ள சென்சார். வாசக்கதவுக்கு ஒண்ணும் வேணாம்னுட்டாரு. திருடன் வாசல் வழியாத்தானண்ணே வருவான்னு கேட்டேன். சொன்னத மட்டும் செய்யின்னாரு. ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் புதுசாத் தாழ்ப்பாள் அடிச்சிருந்துச்சுக்கா. அத நான் பாத்தேன். பாத்துட்டு வந்துட்டேன்."

திருடனுக்காகப் போட்டதில்லை அது. உள்ளே இருப்பது வெளியே வந்தால் சொல்வதற்காகப் போட்டது. ஷர்லிக்கு இப்போது புரிந்தது.

"போலீஸுக்குப் போனா என்னன்னு சொல்றது?" என்றான் நிலவழகன். "எலின்னு சொல்லிட்டாருன்னா?"

ஷர்லி போனை எடுத்துக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். காம்பவுண்டுச் சுவர் ஓரம் போய், அடைத்த ஜன்னலுக்கு நேரே நின்றாள். தகரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றாள். பிறகு அவசரமாக, "பேச வேணாம். இருந்தீங்கன்னா அசையாம நில்லுங்க. நான் சொல்றப்ப நடங்க" என்றாள்.

பேச வேண்டாம் என்று ஏன் சொன்னாள் என்பது அவளுக்குப் பின்னாளிலும் விளங்கவில்லை. யாராவது பதில் சொல்லிவிட்டால் தாங்கமாட்டோம் என்று பயந்திருக்கலாம்.

போன் அடங்கிப் போனது. அந்த நேரத்தில் அது ஒருநாளும் அடங்கியதில்லை. தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். மணிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை ஷர்லி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிலவழகன் பின்னால் வந்து நின்றது மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

"இப்ப நடங்க."

போன் அதிர்ந்தது.

ஷர்லியின் கண் நிறைந்தது. "இது ஒரு தடவ சொன்னா கொஞ்ச நேரம் விட்டுத்தான் மறுபடி சொல்லும்" என்று நிலவழகன் கிசுகிசுத்தான். அவள் காத்திருந்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்கள அடைச்சு வச்சிருக்காங்கன்னா நடங்க. இல்லன்னா நில்லுங்க."

போன் அதிர்ந்தது. அதோடு நிற்கவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி, கொஞ்சம் விட்டு மறுபடி. உள்ளே இருப்பவர் இனி நிற்கவே போவதில்லை என்பதுபோல.

ஷர்லி அங்கிருந்தபடியே பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசினாள். பேசி முடித்ததும், "போகாம இங்கதான் இருப்பேன்" என்று ஜன்னலிடம் சொன்னாள். புதுக்கோட்டையிலிருந்து அன்புமொழி என்ற பெண் உதவி ஆய்வாளர் ஜீப்பில் வந்து சேரும்வரை வெயிலைவிட்டு நகரவில்லை.

வாசல் பூட்டை உடைத்தார்கள். நிலவழகன் முன்னால் வழி காட்டினான். அறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளை நீக்கியதும் தேங்கிய காற்றும் சோற்று வாடையும் வெளியே வந்தன. அறை நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தலையை ஒழுங்காகச் சீவிப் பின்னியிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் அழவில்லை, ஓடிவரவில்லை. உதட்டில் விரலை வைத்து, மூலையில் இருந்த சென்சாரைக் கண்ணால் காட்டினாள்.

"அது சும்மா நடமாட்டம் பாக்குறது" என்றான் நிலவழகன். "அதுக்குப் பேச்செல்லாம் கேக்காதுங்க."

அவள் நம்பவில்லை. அவன் அதைப் பிய்த்துத் தரையில் போட்டு, உள்ளே இருந்ததைக் காட்டிய பிறகும் வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்துதான் வாய் திறந்தாள். அப்போதும் காற்று மாதிரிதான் குரல் வந்தது.

"நான் பேசுனா அது தனக்குச் சொல்லிரும்னாங்க அப்பா. பேசுன அன்னைக்கே தமிழ்செல்வன உயிரோட விடமாட்டேன்னாங்க."

அவள் பெயர் இசைவாணி, ரெங்கராஜின் மகள். ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். தமிழ்செல்வனோடு பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்தது வீட்டுக்குத் தெரிந்த அன்றே இங்கே கொண்டுவந்து விட்டாராம். அலாரம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை மாட்டுகிற அன்றைக்கு மட்டும் அவளைக் கடை மாடிக்குக் கொண்டு போயிருந்தார். திரும்பக் கொண்டுவந்து விட்டபோது மூலையில் அது இருந்தது.

கதவு திறந்த செய்தி அவர் போனுக்கும் போயிருக்கும். ஸ்கூட்டர் வந்து நின்றது. ரெங்கராஜ் இறங்கி, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மகளைப் பார்க்கவில்லை. ஜீப்பையும் பார்க்கவில்லை. ஷர்லியிடம் நேராக வந்தார்.

"தனியா இருக்கியேன்னுதான் நான் அந்தத் தம்பிய அனுப்புனேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. தன் நல்ல மனதை யாரோ தப்பாகப் புரிந்துகொண்டதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அன்புமொழி கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் ஜீப்பில் ஏறினார். அந்த அமைதியை நினைத்தால் ஷர்லிக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

இசைவாணி புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் இல்லத்தில் கொஞ்ச காலம் இருந்தாள். கோர்ட்டில் நீதிபதி, யாரோடு போக விருப்பம் என்று கேட்டார். அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லம்மா என்றார். அவள் திரும்பிப் பின்வரிசையில் இருந்த தமிழ்செல்வனைப் பார்த்துவிட்டு, உரக்கவே சொன்னாள். ஷர்லி அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

ரெங்கராஜ் ஜாமீனில் வந்து கடையைத் திறந்தார். ஊரில் பாதிப் பேர் ஷர்லியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிப் பக்கம் போய்விடலாம் என்றான் ஜஸ்டின். "போறவங்க போகட்டும், நான் போகமாட்டேன்" என்றாள் அவள். அவன் அடுத்த விடுப்பை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

இசைவாணி பல்லடத்திலிருந்து அவ்வப்போது கூப்பிடுவாள். தமிழ்செல்வனுக்கு அங்கே ஒரு மில்லில் வேலை. முதல் தடவை பேசியபோது போனில் கடகடவென்று ஒரே இரைச்சல். ஷர்லிக்கு எதுவும் பிடிபடவில்லை.

"என்ன சத்தம் பாப்பா அது?"

"தறி ஓடுதுக்கா. சுத்தியும் விசைத்தறிதான். வேற வீடு பாக்கலாம்னாரு. நான்தான் இதே போதும்னேன்." அவள் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள். "இந்தச் சத்தத்துல நான் என்ன பேசுனாலும் யாருக்கும் கேக்காதுக்கா. எனக்கு இங்கதான் தூக்கம் வருது."