தராசுக்காரரின் ஐந்தாம் அத்தியாயம்

பெரிய மனிதர்களின் கஷ்டம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் பதிப்பகத்தின் சட்டம். மூன்றாவது பக்கத்தில் கால் வைத்தால் பதிப்பாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பிள்ளைகள் படிக்கிற புத்தகம், அழுதுகொண்டே மூடி வைத்தால் அடுத்ததை எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும் என்பார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் நானும் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுதுவது அமெரிக்க எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறு. படிப்பவர்களுக்குப் பத்திலிருந்து பதினாலு வயது. இதுவரை இருபத்திரண்டு பேரை முடித்திருக்கிறேன். அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. விமானத்தையே கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. நூலகத்திலிருந்து தலையணை தண்டிக்குப் புத்தகங்களைத் தூக்கி வந்து, ஒவ்வொருவரையும் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்குச் சுருக்குவேன். எட்டு அத்தியாயம். முதலில் பிறப்பார், இரண்டாவதில் புத்தகப் பித்து பிடிக்கும். ஐந்தாவது சோதனை, ஆறாவது வெற்றி. குடித்தே அழிந்தவர் என் கையில் 'உடல்நலம் குன்றியிருந்தார்'. பெண்டாட்டியை நட்டாற்றில் விட்டு ஓடியவர் 'தனிமையை விரும்பினார்'. ஐந்தாம் அத்தியாயத்தில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பதிப்பாளர் நாலு பேர் முன்னால் சொல்வார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அச்சுக்கு முன்னால் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துவது என் தம்பி. பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம் வேலை. நோயாளியின் எண்ணைச் சொன்னால் போதும், எந்த அலமாரி எந்தத் தட்டு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வான். செத்துப்போனவர்களின் கோப்புக்கு மட்டும் கறுப்பு நாடா கட்டுவார்களாம். சாயங்காலம் என் புத்தகங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். அதற்கு மேல் கிடைக்கிற நேரத்தில் அவனும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொள்வான்.

அமெரிக்கப் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் நாங்களே அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். பதினெட்டாவது ஆளுக்குத் தராசுக்காரர் என்று பெயர். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தானிய மண்டியில் எடை போடும் குமாஸ்தா. முப்பத்தொன்பதாவது வயதில் வேலையை உதறிவிட்டு நாவல் எழுத உட்கார்ந்தார். நான் இப்படி எழுதினேன்: 'சில காலம் வறுமை அவரை வாட்டியது. அவர் மனம் தளரவில்லை.' அடுத்த பக்கத்தில் ஆறாம் அத்தியாயம்: 'அவரது நாவல் வெளிவந்தபோது ஊரே திரண்டு கொண்டாடியது.'

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

அந்தப் புரூஃபைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று தம்பிக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. பிழை ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, போகாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ஒரு டீ குடித்தான். நல்ல புத்தகம்கா என்றான். இருபது வருடத்தில் அவன் என்னிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் பூரித்துப்போனேன். ஒரு மாதம் கழித்து, சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் அதிகபட்சம் மூன்று வருடம் தருவார்கள். அதற்குள் திரும்பிச் சேராவிட்டால் வேலை போய்விடும்.

அவன் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் சேர்ந்துகொண்டாள். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை. முதல் வருடம் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. இரண்டாம் வருடம் கண்ணாடி வந்தது. நாவல் நாலு பதிப்பகங்களுக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. தம்பி ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து திருத்தி எழுதினான். அறுநூறு பக்கம். கேட்டால் சிரிப்பான்.

மூன்றாம் வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவள் வேலை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆஸ்பத்திரி சூப்பிரண்டு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாராம். முப்பதாம் தேதிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். இவன் போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். யார் சொன்னாலும், தராசுக்காரர் பாதியில் திரும்பிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறான். என் புத்தகம் அவன் மேசையில் எப்போதும் இருக்கிறதாம், ஐந்தாம் அத்தியாயத்தில் பக்கம் மடிந்துபோய்.

"அந்தாளோட சம்சாரம் என்ன வேலை பார்த்தாங்க அண்ணி?" என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாய் என்றேன். சும்மா தெரிஞ்சிக்கத்தான், புத்தகத்துல பார்த்தேன், அன்பான மனைவின்னு மட்டும் போட்டிருந்தது என்றாள்.

ஊரார் துணியைத் துவைத்துத்தான் அந்தக் குடும்பம் ஓடியது என்று சொன்னேன். குளிர்காலத்தில் கை வெடித்து ரத்தம் வருமாம். தலையணைப் புத்தகத்தில் அதற்கே பன்னிரண்டு பக்கம் உண்டு. ஒரு கதையில் ஐந்து பேருக்கு மேல் வந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பது பதிப்பகத்தின் இன்னொரு சட்டம். அதில் அடிபட்டுப்போனவள் தராசுக்காரரின் மனைவி.

"எத்தனை வருஷம் துவைச்சாங்க?"

"பதினோரு வருஷம்."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போயிருந்தது. அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே அண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சொன்னால் அவன் ஒடிந்துபோவான். சொல்லாவிட்டால் வேலை போய்விடும், அந்தப் பெண் கண் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நூலகப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

தம்பி ஜன்னலோர மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். வாக்கா என்று எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டான். தாடி பாதி நரைத்திருந்தது. இந்தத் தடவை அமைஞ்சிருச்சு, ரெண்டே மாசம்தான் என்றான். அவள் உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"தராசுக்காரர் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றேன்.

"சொல்லு."

"சில காலம்னு எழுதினேன்ல. அது பதினோரு வருஷம்."

அவன் பேனாவை மூடினான். யோசித்தான். பதினொண்ணா, சரி, பரவாயில்ல, எனக்கு மூணுதான ஆகுது என்றான். முகத்தில் நிஜமாகவே தெம்பு இருந்தது.

"பதினோரு வருஷம் கழிச்சு அவர் செத்துட்டாருடா. நிமோனியா. ஐம்பது வயசு."

"அப்ப புத்தகம்?"

"அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் கழிச்சு வந்துச்சு. அவரோட சம்சாரம்தான் ஊர் ஊராத் தூக்கிட்டு அலைஞ்சாங்க."

'வெளிவந்தபோது ஊரே திரண்டு கொண்டாடியது.' அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. இருந்தார் என்று நினைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். தம்பி என் சின்னப் புத்தகத்தை எடுத்தான். மடிந்திருந்த இடத்தைப் பிரித்தான். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை புரட்டிப் பார்த்தான்.

"இத எப்படிக்கா ரெண்டு பக்கத்துல அடைச்ச?" என்றான். கேலி இல்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரியிடம் கேட்கிற மாதிரியே கேட்டான்.

நான் பையிலிருந்த பெரிய புத்தகத்தை மேசையில் வைத்தேன். அவன் தொடவில்லை. தன் நாவலின் காகிதக் கட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"நீ இத மூணு தடவ படிச்சிருக்க. ஒவ்வொரு தடவையும் நல்லாருக்குன்னு சொன்ன. இப்ப நெஜத்தச் சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை.

எத்தனையோ நாள் அந்த நிமிஷத்தை நினைத்து என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்திருக்கிறது. நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நாவல் மோசம் என்பதல்ல. எனக்குத் தெரியவில்லை. முதல் நாற்பது பக்கம் என்னை உலுக்கியது. மிச்சத்தில் பாதி இடத்தில் புரியவில்லை, பாதி இடத்தில் அழுதேன். நான் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்காரி. அறுநூறு பக்கம் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு வக்கில்லை. தெரியலடா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் உள் அறையில் அவள் காத்துக்கொண்டிருந்தாள், முப்பதாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அவன் முகத்தைப் பார்த்தபோது இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் வேலைக்குப் போய்விடுவான் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவன் தலையை ஆட்டினான். காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கினான்.

முப்பதாம் தேதி காலையில் ஷேவ் செய்துகொண்டு, பழைய அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, எட்டரைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க மட்டும் சொல்லலன்னா என்று தொடங்கி முடிக்காமல் அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். நல்லது செய்தவள் போல நடந்துகொள்வது எனக்குக் கைவந்த கலை.

ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஜன்னலோர மேசையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. நாவல் எங்கேயடா என்று கேட்டேன். பீரோ மேல என்றான். ஏறிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கோப்பு அட்டைக்குள் வைத்து, ஓரத்தில் எண் எழுதி, நாடா போட்டுக் கட்டியிருந்தான். கறுப்பு நாடா. அவர்கள் ரெக்கார்டு ரூமில் அதை எந்தக் கோப்புக்குக் கட்டுவார்கள் என்று அவனே எனக்கு முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அவளுக்குத் தெரியாது. வாரா வாரம் தூசி தட்டி வைக்கிறாள்.

எழுதுடா, வேலைக்குப் போயிட்டே எழுது, முன்னாடி அப்படித்தான எழுதின என்றேன். பார்க்கலாம்கா என்றான். அதற்கப்புறம் பேனாவை அவன் என் புரூஃபுக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கவில்லை. சிரிப்பான், சாப்பிடுவான், ஞாயிற்றுக்கிழமை அவளோடு கடைக்குப் போவான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவன் எதிரில் உட்கார முடியவில்லை.

அடுத்த வருடம் தராசுக்காரர் மறுபதிப்புக்கு வந்தார். இந்தத் தடவை விடுவதில்லை என்று நான் பதிப்பாளரோடு மல்லுக்கு நின்றேன். ஐந்தாம் அத்தியாயத்துக்கு நாலு பக்கம் கேட்டேன். அவர் என்னைக் காய்ச்சல்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கடைசியில், பக்கம் கூடாமல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டார். நான் 'சில காலம்' என்பதை அடித்துவிட்டு 'பதினோரு ஆண்டுகள்' என்று எழுதினேன். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே நாவல் வெளிவந்தது என்று சேர்த்தேன். 'அவரது மனைவி ஊராரின் துணிகளைத் துவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்' என்று ஓரத்தில் ஒரு வரி. வழக்கம்போலத் தம்பிக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த வார்த்தை அடிபட வேண்டாம், பழையபடியே வரட்டும் என்றால், அதன் கீழே புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். நான் அடித்த 'சில காலம்' கீழே வரிசையாகப் புள்ளிகள். ஓரத்தில் அவனுடைய பொடி எழுத்தில், இருக்கட்டும். சாவைப் பற்றிய வரியையும் அடித்திருந்தான். துணி துவைத்த வரியை மட்டும் தொடவில்லை. அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக, ஆற்றின் அழகைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரியை வெட்டி, பக்கத்தைச் சரியாக உட்கார வைத்திருந்தான்.

போன் செய்தேன். ஏண்டா இப்படிப் பண்ணினே, உனக்கு நடந்தது இன்னொருத்தனுக்கும் நடக்கணுமா என்று கத்தினேன். அந்தப் பக்கம் ரெக்கார்டு ரூமில் யாரோ எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் இரு என்று போய், ஏதோ கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

"அந்த ரெண்டு வார்த்தைய நம்பி நான் மூணு வருஷம் நல்லா இருந்தேன்கா" என்றான். "அப்புறம் நான் அப்படி இருக்கவே இல்ல."

உன் நாவலைப் பத்தி அன்னிக்கு நான் பேசாம இருந்தது எதுக்குன்னா என்று ஆரம்பித்தேன். விடுக்கா என்றான். அடுத்த புத்தகத்தோட புரூஃப் எப்ப வரும், சீக்கிரம் அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள்ள பார்த்துக் குடுத்துர்றேன் என்றான்.

தராசுக்காரர் அவன் திருத்திக் கொடுத்தபடியே அச்சுக்குப் போனார். ஒரு பள்ளிக்கூடம் மொத்தமாக நூறு பிரதி வாங்கியிருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் இரண்டே பக்கம்தான்.