தேரை பார்த்த திசை

தலைவன் என்பவன் வாகனத்தை விட்டு இறங்காதவன். மனிதகுல வரலாற்றையே இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம் என்று ரஜிதன் உறுதியாக நம்பினான். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் மூன்றாவது தடவையாகப் பாடம் மாற்றிப் படித்துக்கொண்டிருந்த அவன், மாலைகளில் காட்டோரப் பயிற்சி இல்லம் ஒன்றுக்கு மினிபஸ் ஓட்டினான். ஆப்பிரிக்க நாடுகளில் காட்டுயிர்களைக் காக்கும் வேலை செய்யும் இளைஞர்களை வரவழைத்து, தலைவர்களாக்கித் திருப்பி அனுப்புவது அந்த இல்லத்தின் பணி. அவர்களைத் தானும் ஒருவகையில் வழிநடத்துவதாகவே அவன் கருதினான். ஸ்டியரிங் அவன் கையில்தானே இருந்தது.

அன்று கடைசி நாள். ஒவ்வொருவரும் தன் திட்டத்தைத் தேர்வுக் குழுவின் முன் விளக்க வேண்டும். தேர்வாகும் இரண்டு திட்டங்கள்தான் நடக்கும், மற்றவர்களுக்குச் சான்றிதழ். சாம்பியாவிலிருந்து வந்திருந்த பிளோறன்ஸை நகரத்து அச்சகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தான். அவள் ஊரில் காட்டை ஊடறுத்து ஒரு தார்ச்சாலை போகிறது. விலங்குகள் அதைக் கடக்கும் மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்துவது அவள் திட்டம். சுவரொட்டியை மடியில் வைத்து ஜெர்மன் மொழியில் அதை ஒப்பித்துக்கொண்டே வந்தவள், குளத்து வளைவில் நிறுத்தச் சொன்னாள்.

தூறலில் ரோடு முழுக்கத் தேரைகள். மார்ச் மாதம் காட்டிலிருந்து குளத்துக்கு முட்டையிடப் போகிறவை. ஆண்டுதோறும் ஓய்வூதியக்காரர்கள் மஞ்சள் மேலங்கியோடு வந்து அவற்றை வாளியில் ஏந்திச் சாலை கடத்துவார்கள். ரஜிதன் இதைப் பற்றி மாணவர் சஞ்சிகையில் எழுதியே இருக்கிறான்: ‘என் அப்பாவுக்கு வதிவிட அனுமதி கிடைக்க வருடக்கணக்கானது. தேரைக்கு வந்த அன்றே.’ அன்று ஓய்வூதியக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. வாளி மட்டும் வேலியோரம் கிடந்தது. பிளோறன்ஸ் இறங்கி அதை எடுத்தாள்.

அவன் கண்ணாடியை இறக்கி ஆலோசனை வழங்கினான். அவள் பேசும் முறை தவறிவிடும், எல்லாவற்றையும் அள்ளி இந்தப் பக்கமே போட்டால் வேலை சுருக்கம் என்றான்.

“அது எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு பார்,” என்றாள் அவள் ஜெர்மன் மொழியில், நிமிராமலே. “அந்தப் பக்கம்தான் கொண்டுபோக வேணும். எங்கட ஆமைக்கும் அப்பிடித்தான்.”

அவன் இறங்கவில்லை. கொள்கை.

போய்ச் சேர்ந்தபோது அவள் முறை போயிருந்தது. பொறுப்பாளர் மக்டலீன் பிளோறன்ஸின் சேறு படிந்த முழங்காலைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தை. எல்லாரும் முடித்தபின் நேரம் மிஞ்சினால் பேசலாம். ஆனால் சாப்பாடு வந்ததும் கூட்டம் முடிந்துவிடும். குரலில் கோபமே இல்லை, அதுதான் நம்பிக்கையைக் கெடுத்தது. பிளோறன்ஸ் கதவோரம் போய் உட்கார்ந்தாள். ரஜிதனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனிடம் பதில் இருந்தது.

சாப்பாடு எடுத்துவர வேண்டியவனும் அவனே. இல்லத்துக்குச் சமைத்துக் கொடுக்கும் சிவப்பிரியா அக்கா தன் சமையல்கட்டில் இடியப்பப் பெட்டிகளை அடுக்கி முடித்திருந்தாள்.

“உன்ர தலைவர்மார் இடியப்பம் தின்னுவினமோ?”

“கையால சாப்பிடத் தெரிஞ்ச சனம் அக்கா. எங்களுக்குத்தான் இப்ப முள்ளுக்கரண்டி வேணும்.”

“வாய் மட்டும் குறைவில்லை. நேர போ தம்பி. தேங்காப்பால் சொதி, ஆறினா திருப்பிச் சூடாக்க ஏலாது, திரைஞ்சு போம்.”

“ஓம் அக்கா,” என்றான். சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

குளத்து வளைவில் மழை வலுத்திருந்தது. இப்போதும் மஞ்சள் மேலங்கி ஒன்றைக்கூடக் காணவில்லை. சாப்பாடு வந்ததும் கூட்டம் முடிந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து இறங்கினான். பிளோறன்ஸ் வைத்த இடத்திலேயே வாளி இருந்தது. வாளியில் அள்ளினால் வேலை சுருக்கம்; அதை அவன் தொடவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக்கொண்டு போனான்.

நாலைந்தைக் கடத்தியிருப்பான், கைப்பேசி அடித்தது. எங்கே நிற்கிறாய் என்றார் மக்டலீன்.

“ரோட்டில தேரை,” என்றான்.

அந்த நாட்டில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அப்படியானால் அவசரப்படாதே, இங்கே இன்னும் ஒருத்தி பாக்கி என்றார். அவர் குரலுக்குப் பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

வண்டிக்குள் சொதி ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த தேரை முன்விளக்கு வெளிச்சத்தில் வட்டமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. அது ஒரு பக்கம் பார்த்து நிற்கட்டும் என்று, இரு கைகளையும் நீட்டியபடி, ரஜிதன் மழையில் குந்தியிருந்தான்.